எல்லாரும் ஐந்து போட்ட ஆய்வு

எங்கள் கல்லூரியில் நான்காவது வருஷம் வரப்போகிறது. மூன்று வருஷப் பட்டப்படிப்போடு நிற்காமல், விருப்பமும் மார்க்கும் உள்ள பிள்ளைகள் இன்னொரு வருஷம் தங்கி, சொந்தமாக ஓர் ஆய்வு செய்து, ஆனர்ஸ் பட்டத்தோடு போகலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வருஷத்தை நடத்தப்போகிறவர்கள் முதலில் தேடியது என்ன தெரியுமா? ஃபார்மட்.

வணிகவியல் துறையில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த தேவி, ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கப் போன மாதம் கரமனையில் என் வீட்டுக்கு வந்தாள். அவளும் என்னைப்போல நாஞ்சில் நாட்டுக்காரி. ஆய்வு முறையியல் பேப்பரை அவள் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

"பகவதி மிஸ், பழைய புராஜெக்ட் ஃபார்மட் ஏதாவது வச்சிருப்பீங்கல்லா? அதக் குடுத்தா பிள்ளைங்க அப்படியே ஃபில் பண்ணிரும்" என்றாள்.

"அந்த ஃபார்மட்டைக் கிழிச்சுப் போடத்தான் என் சர்வீஸ்ல பாதி போச்சு" என்றேன்.

"அப்ப அந்தக் கதையையாவது எழுதிக் குடுங்க."

எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். துறையில் மற்றவர்களுக்கு மலையாளத்தில் வேண்டுமென்றால் தேவியே மாற்றிக்கொள்ளட்டும்.

நான் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதினார். நான் எம்.காம். படித்தேன், எம்.பில். படித்தேன். இரண்டிலும் ஆராய்ச்சி முறை என்று ஒரு பாடம் இருந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று ஒவ்வொரு அறிஞரும் சொன்ன விளக்கத்தை ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம், பரீட்சையில் திருப்பி எழுதுவோம். ஒருவரும் வகுப்பை விட்டு வெளியே இறங்கி ஒரு மனுஷனிடம் ஒரு கேள்வி கேட்டது கிடையாது. நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்த மாதிரி. அதில் நான் ரேங்க் வேறு வாங்கினேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது என் மலையாளத்தைக் கேட்டுப் பின்வரிசைப் பையன்கள் "பாண்டி டீச்சர்" என்றார்கள், இங்கே தமிழரை மட்டம்தட்டச் சொல்லும் பெயர் அது. நான் கேட்டுவிட்டு, "ஆமாம், பாண்டிதான். இந்தப் பாண்டி போடுற மார்க்குதான் உன் சர்டிபிகேட்ல வரும்" என்றேன். அதற்கப்புறம் அந்த வகுப்பில் எனக்குத் தொந்தரவு இருந்ததில்லை.

எம்.காம். கடைசி வருஷத்தில் பிள்ளைகள் ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆய்வு முறையியல் பேப்பர். அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். யாரும் போட்டிக்கு வரவில்லை, அவ்வளவு வறண்ட பேப்பர் அது. நான் அதில் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்னால், எந்த இடத்தைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறாயோ அந்த இடத்தில் போய் ஒரு வாரம் சும்மா உட்கார வேண்டும். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதற்கு மௌனவிரதம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் என்னவோ இருக்கட்டும், அந்த ஒரு வாரத்தில் அவர்கள் கற்றுக்கொண்டதை நான் வருஷம் முழுக்கப் பேசினாலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

அனூப் என்று ஒரு மாணவன். தம்பானூரில் ஒரு பேக்கரியைத் தேர்ந்தெடுத்தான். மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவன் முன்கூட்டியே அனுமதி கேட்டது கல்லாவில் இருந்த தம்பியிடம், முதலாளியிடம் இல்லை. முதலாளி இவனைப் பார்த்துவிட்டு, விற்பனை வரி ஆபீஸிலிருந்து வேவு பார்க்க வந்த ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார். தினமும் பப்ஸ், டீ, பழக் கேக். கடைசி நாள் அவனை ஓரமாகக் கூட்டிப்போய், "சாரே, மனசுல என்ன இருக்குன்னு சொல்லிருங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்றாராம். அனூப் விரதத்தை முறித்து, "நான் ஸ்டூடன்ட்" என்றிருக்கிறான். அவர் அடிக்க வந்துவிட்டார்.

ஆனால் அனூப் வகுப்பில் வந்து சொன்னதைக் கேளுங்கள். "மிஸ், கேக் வாங்க வர்ற பெரியவங்க யாரும் முடிவெடுக்கிறது இல்ல. கூட வர்ற குழந்தை கண்ணாடிமேல விரல் வச்சுக் காட்டுறதைத்தான் வாங்குறாங்க. நான் கேள்வித்தாள் அடிச்சிருந்தா அப்பாகிட்டதான் கொடுத்திருப்பேன்." இதுதான் ஆராய்ச்சி. இதற்குத்தான் அவனை அங்கே அனுப்பினேன்.

பேக்கரி முதலாளி சும்மா இருக்கவில்லை. பிரின்சிபாலிடம் புகார் கொடுத்தார். பிரின்சிபால் அதை எங்கள் துறைத் தலைவரிடம் தள்ளினார்.

துறைத் தலைவர் ராஜசேகரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாரையும் திட்டியதில்லை. அறைக்குள் போனால் முதலில் "உட்காரணும் டீச்சரே" என்பார், டீ வரவழைப்பார். அவர் பேசியதெல்லாம் மலையாளம். இங்கே தமிழில் எழுதுகிறேன், ஆனால் வாக்கியத்துக்கு ஒரு தடவை 'கேட்டீர்களா' என்ற அர்த்தத்தில் அவர் சொல்லும் 'கேட்டோ'வை மட்டும் அப்படியே விடுகிறேன், அது இல்லாவிட்டால் அவர் இல்லை. பிள்ளைகள் பைண்ட் செய்து கொண்டுவரும் ஆய்வேட்டை அவர் திறப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்ப்பார். கனம் பிடித்திருந்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால், "இன்னும் கொஞ்சம் மெட்டீரியல் சேர்க்கணும், கேட்டோ" என்று இடதுபக்கம் வைத்துவிடுவார். கறிக்கடையில்கூட தராசு உண்டு.

புகார் வந்ததும் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்து, முறையியல் பேப்பரை என்னிடமிருந்து எடுத்துத் தானே வைத்துக்கொண்டார். "டீச்சருக்கு வேலைப் பாரம் ஜாஸ்தி, கேட்டோ" என்றார். என் வேலைப் பாரத்தைப் பற்றி அதுவரை அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் அவருடைய ஃபார்மட் வந்தது. ஆய்வேடு என்றால் ஐந்து அத்தியாயம். கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான், கடையின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்று என்றால் கொஞ்சமும் திருப்தி இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. கருதுகோளைச் சோதித்து முடிவு காட்டியே ஆக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைகள் பத்துக்குக் குறையக் கூடாது. மௌனவிரதம் ரத்து.

எனக்கு வழிகாட்டி வேலை மட்டும் மிச்சம். அந்த வருஷம் என்னிடம் வந்தவள்தான் முத்துலட்சுமி.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவள் அம்மாவும் அப்பாவும் தொழிலாளிகள். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை லயம் என்பார்கள். அந்த லயத்திலிருந்து எம்.காம். வரை வந்த முதல் ஆள் அவள். அம்மா ஒவ்வொரு வாரமும் போன் பண்ணிச் சொல்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்: எஸ்டேட் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இடம் காலியாகிறது, பெரியவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இந்த வருஷம் படிப்பு முடியாவிட்டால் வந்து அதில் உட்கார்ந்துவிடு. அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முத்துலட்சுமிக்கு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், கல்லூரியில் கற்பிக்க வேண்டும். இந்த ஒரு வருஷம் தட்டினால் அவள் மலை ஏறிவிடுவாள், அப்புறம் இறங்க மாட்டாள். எனக்கும் அவளுக்கும் அது நன்றாகத் தெரியும்.

எஸ்டேட்டுக்குள் ஒரு பலசரக்குக் கடை உண்டு. கீழே விதுராவில் பத்துக் கடை உண்டு. லயத்துக் குடும்பங்கள் எந்தக் கடையை ஏன் தேர்ந்தெடுக்கின்றன? இதுதான் அவள் தலைப்பு. விலைதான் காரணம் என்பது அவள் கருதுகோள். நல்ல தலைப்பு. போர்டில் இருந்த கேள்வித்தாளையே எடுத்துக்கொண்டாள். எடுக்காவிட்டால் துறைத் தலைவர் கையெழுத்து கிடைக்காது. "ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாரேன்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நான் பொறந்ததிலேருந்து அங்கதான் மிஸ் உட்கார்ந்திருக்கேன்" என்றாள். நான் விட்டுவிட்டேன்.

லயம் லயமாகப் போய்க் கேட்டு நிரப்பிக் கொண்டுவந்தாள். பாளையத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் பிள்ளைகளுக்குப் புள்ளிவிவர அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். அங்கிருந்து அவளுக்குப் போன்: "குட்டி, இதில எல்லாம் ஐந்துதான். கம்ப்யூட்டர் ஒண்ணும் தரமாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். சாமான்களின் தரம், ஐந்து. விலை, ஐந்து. எடை, ஐந்து. கடைக்காரரின் நடத்தை, ஐந்து. எல்லா வீட்டிலும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. வித்தியாசமே இல்லாத எண்களை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய முடியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது.

முத்துலட்சுமி துறைத் தலைவரிடம் போனாள். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "சார் சொல்றாங்க, அங்கங்க நாலும் மூணுமா மாத்திரு, டேட்டாவுக்கு ஒரு ஜீவன் வரட்டும், கேட்டோன்னு."

நான் அவர் அறைக்குப் போனேன். டீ வேண்டாம் என்றேன்.

"சார், பிள்ளையிடம் பொய் எழுதச் சொன்னீங்களா?"

"பொய்யா? டீச்சரே, அது ஒரு அட்ஜஸ்ட்மென்ட். குட்டியோட பாவி நமக்கு முக்கியமல்லே?" பாவி என்றால் அவர் மொழியில் எதிர்காலம். எனக்குத் தமிழில் கேட்டது. இரண்டு அர்த்தத்திலும் கோபம்தான் வந்தது.

"அவள் எதிர்காலத்தைப் பொய்யில் ஆரம்பிக்க நான் விடமாட்டேன்."

"அப்போ டீச்சர் வழி என்ன?"

"போய்ப் பார்க்கிறேன்."

"எங்கே?"

"மலைக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமியோடு பஸ் ஏறினேன். பாதை வளைவு வளைவாக ஏறியது. அவள் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள்.

என் நோக்கம் இதுதான். எதிரில் உட்கார்ந்து, ஒரு கேள்வித்தாள் நிரப்பப்படுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஒத்துக்கொண்டார். அவரிடம் மறுபடி முதலிலிருந்து கேட்க இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு முத்துலட்சுமி உட்கார்ந்தாள்.

"அக்கா, கடையில சாமான் தரம் எப்படி? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் சொல்லுங்க."

"அஞ்சு போடு."

"விலை?"

"அதுக்கும் அஞ்சு."

"எடை சரியா இருக்கா?"

"ஏட்டி, எல்லாத்துக்கும் அஞ்சுன்னு போட்டுட்டு எந்திரி. டீச்சர் வந்திருக்காங்க, காப்பி போடாண்டாமா?"

நான் குறுக்கே புகுந்தேன். "செல்லம்மா, போன தடவை அந்தக் கடையில துவரம்பருப்பு வாங்கினீங்களா?"

"அதக் கேக்காதிய. பாதி கல்லு. எண்ணெயில ஒரு வாடை. அரிசியப் புடைச்சா பூச்சிதான் பறக்கு. நாம கேட்டா அந்த மனுசன் காது கேக்காத மாதிரி நிப்பான்."

"அப்புறம் எதுக்கு அஞ்சு போட்டீங்க?"

செல்லம்மா என்னைப் பார்த்த பார்வையில், இவளெல்லாம் எப்படி டீச்சர் ஆனாள் என்ற சந்தேகம் தெளிவாக இருந்தது.

"அந்த அஞ்சு கடைக்கா போட்டோம்? புள்ளைக்குல்லா போட்டோம்."

"பிள்ளைக்கா?"

"காலேஜுலேருந்து பரீச்சப் பேப்பர்தான கொண்டாந்தா? அஞ்சுக்கு அஞ்சு இருந்தாத்தான முழு மார்க்கு? நாம குறைச்சுப் போட்டு நம்ம புள்ள பெயிலாப் போச்சுன்னா அவ அம்மா மூஞ்சியில எப்படி முழிக்க?"

வாசலில் நின்ற இன்னொரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேல லயத்துத் தங்கையா மாமா மட்டும் ஒரு எடத்துல நாலு போட்டாரு டீச்சர். கேட்டா, எந்த வாத்தியாரும் முழுசாப் போடமாட்டான், சந்தேகம் வந்துரும், அதான் ஒண்ணு குறைச்சேங்காரு. அத்தை விடுவாங்களா? சோறு போடமாட்டேன்னுட்டாங்க. மறுநா காலையிலயே இவகிட்ட வந்து திருத்திட்டுப் போயிட்டாரு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் துறைத் தலைவரும் தங்கையாவும் ஒரே யோசனை சொல்லியிருக்கிறார்கள். தங்கையாவாவது பாசத்தில் சொன்னார்.

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"நான் கடையப் பத்திக் கேட்டது ஒருத்தர் காதுலயும் விழல மிஸ். என் மூஞ்சியப் பாத்துட்டே பதில் சொல்லிருக்காங்க. மேல லயத்துக்கு வேற ஆளை அனுப்பிக் கேட்டாலும் இதேதான் சொல்லுவாங்க. எனக்குன்னு தெரியும்லா."

"ஆமாம்" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "கேட்டா பதில் வராது. இப்ப என்ன செய்யப்போறே?"

அவள் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து பஸ் ஏறி வந்து நின்றது. பெண்கள் பையும் சாக்குமாக இறங்கினார்கள். ஒரு கிழவிக்குக் கைகொடுக்க முத்துலட்சுமி எழுந்து ஓடினாள். பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிழவியோடு வீடு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். வந்த நடை வேறாக இருந்தது.

"மிஸ், அந்தப் பாட்டி பையில என்ன இருந்துச்சு தெரியுமா? மருந்து, துவரம்பருப்பு, மீன். ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். போன வழியில பருப்பு வாங்கினாங்களாம். பருப்புக்காக யாரும் இவ்வளவு தூரம் இறங்க மாட்டாங்க. பையில இருக்கத எனக்காக யாரும் மாத்தி வாங்க மாட்டாங்கல்லா?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதி வைத்துக்கொள் தேவி, எந்த முறையியல் புத்தகத்திலும் இது இப்படி இருக்காது. அவளாகவே அந்த இடத்தில் கண்டுபிடித்தாள். நான் செய்தது ஒன்றுதான். "அப்ப அதையே செய்" என்றேன்.

விடுதியைக் காலி பண்ணாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். ஏறி வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றாள். பையைத் திறந்து காட்டச் சம்மதித்தவர்களிடம் மட்டும் பார்த்தாள். கேள்வி ஒன்றே ஒன்று: "இன்னைக்கு எதுக்குக் கீழ போனீங்க?" திருப்தியா, எத்தனை மார்க் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதில் கிடைத்த விடை அவளுக்கே அதிர்ச்சி. கடைக்குப் போவதற்காகக் கீழே இறங்கியவர்கள் மிகச் சொற்பம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேங்க், கல்யாணம், இப்படி வேறு ஏதோ வேலைக்குப் போனவர்கள்தான் சாமான் வாங்கி வந்தார்கள். கீழே வேலை இல்லாதவர்கள், பருப்பில் கல் கிடந்தாலும் எஸ்டேட் கடையில்தான் வாங்கினார்கள். விலை அதில் வரவே இல்லை. கருதுகோள் செத்துப்போனது. பஸ் எப்போது வருகிறது, கீழே யாருக்கு வேலை இருக்கிறது என்பதுதான் கடையைத் தீர்மானித்தது. தேர்ந்தெடுப்பு என்று நாங்கள் பாடத்தில் சொல்லும் சமாச்சாரமே அந்த லயத்தில் இல்லை.

ஐந்து ஐந்தாக வந்த பழைய அட்டவணையை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். நான்காவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் முழுசாக வை என்றேன். எப்படி வந்தது, ஏன் பயன்படாது, செல்லம்மா என்ன சொன்னார், தங்கையா ஏன் திருத்தினார் எல்லாம் எழுதச் சொன்னேன். எழுதினாள்.

துறைத் தலைவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனோம். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார்.

"கனம் போதாது, கேட்டோ. பரிந்துரை ஒன்றுதான் இருக்கு. கருதுகோளும் தோற்றுப்போச்சு. எல்லாம் ஐந்து என்கிற இந்த அட்டவணையை எதுக்கு உள்ளே வச்சிருக்கீங்க? வெளியிலிருந்து எக்ஸாமினர் வரும்போது துறைக்கு நாணக்கேடல்லே?" என்று சொல்லி இடதுபக்கம் வைத்தார். முத்துலட்சுமி அந்த இடதுபக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார்" என்றேன். "வழிகாட்டியாக நான் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க போட விரும்பலைன்னா வேண்டாம். ஏன் போடலைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. தரவை மாத்தச் சொன்னோம், மாணவி மறுத்துவிட்டாள், அதனால் கையெழுத்து இல்லைன்னு. அதையும் சேர்த்து யுனிவர்சிட்டிக்கு அனுப்புறேன்."

ராஜசேகரன் சார் என்ன வேண்டுமானாலும் பேசுவார். எதையும் எழுதித் தர மாட்டார். அதுவரை அவர் சர்வீஸில் எழுதியது வருகைப் பதிவேடும் ஃபார்மட்டும்தான். டீயைக் குடித்து முடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஆய்வேட்டை இடதுபக்கத்திலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "வைவாவில் என்ன நடந்தாலும் என்னைச் சொல்லக் கூடாது, கேட்டோ" என்றார்.

"நல்லது நடந்தாலும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் குரியன் சார். முன்வழுக்கை, குட்டை உருவம். பிள்ளைகளை அழவைத்து அனுப்புகிறவர் என்று பெயர். முத்துலட்சுமிக்கு முன்னால் போன பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும், "இந்தப் பத்துப் பரிந்துரையில் நீயே நம்புறது எது?" என்று கேட்டார். பிள்ளைகள் கடைசி அத்தியாயத்தைப் புரட்டித் தேடினார்கள். வழிகாட்டிகள் பின்னால் உட்காரலாம், பேசக் கூடாது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முத்துலட்சுமி உட்கார்ந்ததும் நான்காவது அத்தியாயத்தைத் திறந்து வைத்தார்.

"இது என்ன? ஒரு பக்கம் முழுக்க ஒரே நம்பர்?"

ராஜசேகரன் சார் முந்திக்கொண்டு, "அது ஒரு சின்னப் பிசகு சார், நான் எடுத்துவிடத்தான் சொன்னேன்..." என்று ஆரம்பித்தார். குரியன் சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"குட்டி சொல்லட்டும்."

அவள் சொன்னாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். செல்லம்மாவிடம் வந்ததும் லயத்துப் பேச்சே வந்துவிட்டது. தங்கையா கதையில் குரியன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சரி. பிரயோஜனமில்லாத அட்டவணை. அப்போ தூக்கிப் போட்டிருக்கலாமே. ஏன் வச்சிருக்கே?"

"தூக்கிப் போட்டா, அடுத்து வர்றவங்களும் போய் இதே அஞ்சை வாங்கிட்டு வந்து, லயத்துல எல்லாரும் திருப்தியா இருக்காங்கன்னு எழுதிருவாங்க சார்."

"பையில் இருக்கிறதும் பொய்யா இருந்தா?"

"இருக்கலாம் சார். சில பேர் மீனைக் காட்டல. சில பேர் பையவே காட்டல. காட்டாதவங்க எத்தனை பேருன்னு தனியாச் சொல்லிருக்கேன். அவங்களப் பத்தி எனக்குத் தெரியாதுன்னும் எழுதிருக்கேன்."

"கருதுகோள்?"

"தோத்துப்போச்சு சார்."

"வருத்தமா?"

"முதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. அது தோத்தப்புறம்தான் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுது."

"பரிந்துரை ஒண்ணுதானா?"

"எனக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான் சார். கடையச் சரிபண்றதுக்கு முன்னால பஸ்ஸச் சரிபண்ணணும்."

குரியன் சார் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு துறைத் தலைவரைப் பார்த்து, "காலையிலிருந்து ஃபார்மட் வாசிச்சு எனக்கு மடுத்துப்போச்சு. இப்பத்தான் ஒரு ஆய்வு வாசிக்கிறேன்" என்றார். மடுத்தல் என்றால் சலித்துப்போதல். அந்தச் சொல்லை நான் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் கேட்டதில்லை. முத்துலட்சுமியிடம் திரும்பி, "நெட் பரீட்சை எழுதிட்டு என்னை வந்து பார். எங்கள் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கு. இதே விஷயத்தை இன்னும் நாலு மலையில் செய்யலாம்" என்றார். அந்த பேட்சில் அதிகபட்ச மார்க்கை அவளுக்குத்தான் போட்டார். துறைத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கல்வியாண்டு முறையியல் பேப்பர் என்னிடம் திரும்ப வந்தது. "டீச்சருக்குத்தானே இதில் தாத்பர்யம், கேட்டோ" என்றார் ராஜசேகரன் சார். தாத்பர்யம் என்றால் அவர் மொழியில் ஆர்வம். நோட்டீஸ் போர்டிலிருந்து ஃபார்மட்டை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஐம்பத்தாறு வயதில் அரசாங்கம் என்னை வீட்டுக்கு அனுப்பும் வரை அந்தப் பேப்பரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மௌனவிரதம் திரும்ப வந்தது. ஒரே ஒரு திருத்தம்: சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்கும் விலக்கு கிடையாது.

நான்காவது வருஷம் எடுக்கப்போகிற எல்லாருக்கும் சொல்கிறேன். பிள்ளை கொண்டுவரும் எண் உங்களுக்குப் பிடிக்காவிட்டால், அந்த எண்ணைத் தொடாதீர்கள். பஸ் ஏறிப் போய் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அதைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் தயவுசெய்து வேறு பேப்பர் எடுங்கள்.

வைவா முடிந்த அன்று முத்துலட்சுமி வராந்தாவில் தூணோடு சாய்ந்து நின்று அம்மாவுக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். விலகிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அம்மா, முடிஞ்சுது... ஆமா... நல்லாப் பண்ணிட்டேன்... அழாதம்மா, கேளு."

அந்தப் பக்கம் அம்மா என்னவோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"லீவுக்கு வாரேன்மா. அந்த ஆபீஸ் வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிரு."